கல்யாண வண்டிக்குள் ஒரு சங்கு

பிள்ளைப்பாக்கம் திருப்பத்து டீக்கடை பெஞ்சிலிருந்து மூன்று பேர் ஒன்றாக எழுந்து நின்றார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டார். கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

சவ ஊர்வலம் வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். வந்தது எங்கள் கார்.

முன்பக்க மூடிக்கு அடியிலிருந்து 'ஊ...' என்று ஒரு நீளமான சத்தம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஏறியது, விட்டால் இறங்கியது. சங்கு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் யாருக்கும் தோன்றியிருக்காது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் ஸ்டெல்லா. வருகிற சனிக்கிழமை இதே காரில், இதே இருக்கையில் உட்கார்ந்து, தன் கல்யாணத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போகப்போகிறவள்.

கடையைத் தாண்டும்போது துண்டுக்காரர் குனிந்து கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"இன்னாமா, உள்ள எல்லாரும் உசுரோடதான் கீறீங்களா?"

ஸ்டெல்லா கியரை மாற்றினாள். சங்கு ஒரு சுருதி இறங்கியது.

மூன்று பேர், ஒரு கார்

இந்தக் காரை வாங்கிய கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக.

கார்: உருண்டை முகப்பு விளக்கு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி. ஒரு காலத்தில் டாக்சியாக ஓடியது. மூடிப்போன அரிசி ஆலை ஒன்றின் முற்றத்தில், சக்கரமெல்லாம் மண்ணில் புதைந்து கிடந்தது. பின்சீட்டில் ஒரு ஆடு குட்டி போட்டிருந்தது.

ஆட்கள்: ஒரகடத்தில் லாரி எஞ்சின் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர்கள். ஸ்டெல்லா அசெம்ப்ளி லைனில். பவானி பெயின்ட் ஷாப்பில். அவள் தென்காசிப் பக்கத்துப் பெண், குன்றத்தூரில் வாடகை வீடு. நான் எஞ்சின் சோதனைப் பிரிவில். கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து ஏற்பட்ட பழக்கம்.

இடம்: எங்கள் வீட்டு வாசலில், முன்பு டிராக்டர் நின்ற தகரக் கொட்டகை.

வேலையை முதல் நாளே பிரித்துக்கொண்டோம். எஞ்சினைக் கழற்றுவதும் பூட்டுவதும் ஸ்டெல்லா. துரு, பட்டி, பெயின்ட் எல்லாம் பவானி. அளப்பது, கேட்பது, ஓடவைப்பது நான். ஒருத்தி வேலையில் இன்னொருத்தி கை வைப்பதில்லை என்று பேச்சு. தொழிற்சாலையில் எப்படியோ அப்படியே. கொட்டகையைப் பார்க்க வருகிறவர்களிடம் இந்த ஒழுங்கைத்தான் முதலில் சொல்வோம். காரைக்கூட அப்புறம்தான் காட்டுவோம்.

ஸ்டெல்லாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லைனில் அவள் முடுக்குவது எப்போதும் அதே நான்கு போல்ட்கள். எஞ்சின் அவள் முன்னால் வந்து நிற்கும். முடுக்குவாள். நகர்ந்துவிடும். இத்தனை வருடங்களில் அவள் கை பட்ட எஞ்சின்கள் நாடு முழுக்க ஓடுகின்றன. அவற்றில் ஒன்றுகூட ஓடுவதை அவள் கேட்டதில்லை. ஓடவைக்கும் இடம் என் பிரிவு. அது வேறு கட்டடம், வேறு கேட், அவளுடைய அடையாள அட்டைக்கு அந்தக் கதவு திறக்காது.

எங்கள் காரின் எஞ்சின்தான் முதல் திருகிலிருந்து கடைசித் திருகு வரை அவள் கையால் பூட்டிய ஒரே எஞ்சின்.

அதனால்தான் ஜோசப் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். நகை, புடவை, மண்டபம் எதைப் பற்றியும் பேசவில்லை. "கோயிலுக்கு நானே எங்க வண்டிய ஓட்டிகினு வருவேன்." ஜோசப் சிரித்துவிட்டு, பெட்ரோல் தன் செலவு என்றார். கல்யாணம் முடிந்ததும் அவள் அவரோடு ஓசூர் போகிறாள். எங்களுக்கு அந்தக் காரில் அதற்குமேல் நீண்ட பயணம் இருக்கப்போவதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அந்தோணி அண்ணனின் வெள்ளைக் கார்

அன்று கார் ஸ்டெல்லா வீட்டு வாசலில் போய் நிற்பதற்குள், டீக்கடைச் செய்தி அவள் அண்ணன் அந்தோணிக்குப் போய்விட்டது. அவர் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் எல்லாம்.

"கல்யாண ஓல மூணு வாரமும் கோயில்ல படிச்சாச்சு. இப்போ வந்து சங்கு ஊதுறீங்களே, இது நல்லாவா கீது?"

"சத்தம்தானே அண்ணே. சரி பண்ணிடலாம்."

"நீ அண்ணே அண்ணேன்னு கூவாத. ஊரு இன்னா பேசும்? பொண்ணு கோயிலுக்கு வர்றாளா, கல்லறைக்கு வர்றாளான்னு கேப்பான். நான் வண்டி சொல்லிட்டேன். வெள்ளக் காரு, ஏசி, ரோஜாப்பூ ஜோடிச்சி வரும். அதுல ஏறி பின்னாடி கம்முனு உக்காரு."

ஸ்டெல்லாவின் அம்மா வாசலில் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். எங்கள் யாரையும் திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

அந்தோணி அண்ணனே ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் பாஷா பாயை பைக்கில் ஏற்றி வந்தார். பாய் நல்ல மெக்கானிக். அந்தக் கால வண்டிகள் எத்தனையோ பார்த்தவர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினார்.

"பேஜாருமா. உள்ள பேரிங் ஏதோ தேயுது. எஞ்சின எறக்கி பிரிச்சாத்தான் தெரியும்."

"எத்தன நாள் ஆவும் பாய்?"

"உங்க கல்யாணத்துக்கு ஆவாது."

அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாது என்று முயன்றார், முடியவில்லை. "பரவால்ல, வியாழக்கிழம வரைக்கும் டைமு தரேன். அதுக்குள்ள சத்தம் நின்னா உங்க வண்டி. நிக்கலன்னா என் வண்டி. அப்புறம் மூஞ்ச தூக்கி வச்சிகினு நிக்கக் கூடாது."

அவர்கள் போன பிறகு ஸ்டெல்லா பம்பரில் உட்கார்ந்தாள். பேரிங் என்றால் எஞ்சினின் உள்ளே, ஆழத்தில். அங்கே கை வைத்தவள் அவள் ஒருத்திதான்.

"நான் தப்பா பூட்டிட்டேனா நித்தி?"

என் முழுப்பெயர் நித்யா. அவள் மட்டும் அப்படிக் கூப்பிடுவாள்.

"எனக்குத் தெரியாது. ஆனா பாயும் பாத்துட்டு சொல்லல, கேட்டுட்டுத்தான் சொன்னாரு. நானும் கேட்டுட்டு சொல்றேன். அதுவரைக்கும் எஞ்சின யாரும் எறக்கக் கூடாது."

சத்தத்துக்குப் பெயர்

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம்.

நான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் அறையில் சுவரெல்லாம் பஞ்சுக் கூம்புகள். கதவைச் சாத்தினால் நம் தொண்டையில் எச்சில் இறங்குவது நமக்கே கேட்கும். நடுவில் எஞ்சினை ஓடவிட்டு, சுற்றிலும் மைக் வைத்து, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. திரையில் கோடுகள் வரும். கோட்டுக்கு எண் உண்டு. பெயர் கிடையாது.

சேர்ந்த புதிதில் எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. எண்ணை வைத்து ஒரு சத்தத்தை என்னால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே குறிப்புகளில் எனக்காக ஒரு ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன். கொறகொற. சிணுசிணு. தட்டித்தட்டி வரும் டொக்கு. நீளமாக இழுக்கும் கீச்சு. ஈரத்துணி உதறுவதுபோல் ஒன்று.

ஒரு நாள் என் மேலதிகாரி, வடநாட்டுக்காரர், தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். வாயால் செய்து காட்டினேன். கொறகொறவை அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மறுவாரம் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் ஒரு வரைபடத்தைக் காட்டி, "திஸ் ஒன் இஸ் கொறகொற" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்கள். இன்றும் எங்கள் பிரிவில் அந்தச் சத்தத்துக்கு அதுதான் பெயர். புதிதாகச் சேரும் மராத்திப் பையன்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

எனக்குக் கிடைத்த பரிசுக் கேடயம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைவிட எனக்கு இந்த கொறகொற பெரிது.

விடியலில் வரும் பஸ்கள்

என் காது தனித் திறமை என்று நான் நினைப்பதில்லை. இந்த ரோட்டில் வளர்ந்த யாருக்கும் அது வந்துவிடும்.

விடியும் முன்பே எங்கள் பக்கம் கம்பெனி பஸ்கள் வர ஆரம்பித்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. இருட்டில் எழுத்தும் தெரியாது. ஆனால் வீட்டுக்குள் தலைவாரிக்கொண்டிருக்கிற பெண்ணுக்குத் தெரியும், இப்போது போவது தன் பஸ் இல்லை என்று. அடுத்த சத்தம் கேட்டதும் டிபன் பாக்ஸைப் பாதி மூடியபடி ஓடுவாள். ஒருநாளும் தவறான பஸ்ஸுக்கு யாரும் ஓடி நான் பார்த்ததில்லை.

அந்த பஸ்களில் ஒன்றை ஓட்டுகிறவர் என் அப்பா. அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடும்போது, தெருவில் போகிற வண்டிகளுக்கெல்லாம் விமர்சனம் நடக்கும். "ரெண்டாம் கியர்ல போவ வேண்டியத மூணுல போறான் பாரு." "இவனுக்கு பிரேக் லைனிங் முடிஞ்சிது." பார்க்க மாட்டார். பார்த்துச் சொல்வதெல்லாம் அவருக்கு ஏமாற்று வேலை.

சங்குச் சத்தம் அவருக்குப் பெரிய விருந்தாகப் போய்விட்டது.

"உங்க வண்டி ஏரிக்கரையில திரும்பும்போதே எனக்கு வூட்ல தெரிஞ்சிடும்மா. எழுந்து சட்ட போட்டுகினு, தலையும் வாரிகினு, நிதானமா வெளிய வரலாம்."

"கேலி பண்ணாதப்பா. சரி பண்ணிடுவேன்."

"பண்ணு பண்ணு. சனிக்கிழம கோயில் வாசல்ல ரோட்டுக்கு முதுக காட்டி நிக்கிறேன். நீங்க வர்றத திரும்பாமலே சொல்றேனா இல்லியான்னு பாரு."

"பாக்கலாம்."

இரும்பா, காற்றா

காலை ஷிப்ட் முடிந்து வந்து, வெயில் இறங்கும்வரை கொட்டகையில் இருந்தோம். தகரச் சுவரில் சாக்பீஸால் சந்தேகங்களை எழுதினேன். ஃபேன் பெல்ட். தண்ணீர் பம்ப். டைனமோ. கார்புரேட்டர் இணைப்புகள். சைலன்சர். கடைசியில் பேரிங். ஸ்டெல்லா அந்தக் கடைசி வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டோம். பெல்ட் இல்லையென்றால் பம்பும் டைனமோவும் சுற்றாது. சங்கு ஊதியது. ஒரே அடியில் மூன்று பெயர்களை அழித்தேன்.

கார்புரேட்டரைச் சுற்றியுள்ள இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடித்தேன். எங்காவது காற்றை உறிஞ்சினால் சத்தம் மாற வேண்டும். மாறவில்லை. சைலன்சர் குழாயின் வாயில் பவானி கனத்த துணியை வைத்து லேசாக அழுத்தினாள். அதற்கும் சங்கு அசையவில்லை.

மிச்சம் இருந்தது பேரிங்.

நான் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கண்ணை மூடி, அந்தச் சத்தத்தை வாயால் செய்து பார்த்தேன். ஊ. மறுபடி, ஊ.

"ஏளா, இவ என்ன சாமியாடுதாளா?" என்றாள் பவானி.

"கம்முனு இரு" என்றாள் ஸ்டெல்லா.

தேய்கிற இரும்பு இப்படி ஒலிக்காது. அதில் ஒரு சொரசொரப்பு இருக்கும், சுற்றுக்குச் சுற்று ஒரு தட்டு இருக்கும். என் ஓரக் குறிப்புகளில் பேரிங் வகைச் சத்தங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட உதட்டைக் குவித்துச் செய்ய முடியாது. பல்லைக் கடித்துத்தான் செய்ய வேண்டும். இதுவோ வழவழவென்று இருந்தது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருகிற மாதிரி.

"இது இரும்பு இல்ல. காத்து" என்றேன்.

ஸ்டெல்லா நிமிர்ந்தாள்.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் உறைத்தது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே நிறுத்தி, உடனே கிளப்பினாலும், முதலில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகுதான் ஆரம்பிக்கிறது. சூடுதான் காரணம் என்றால் கிளப்பியவுடனே வர வேண்டும். காத்திருந்து வருகிறது என்றால், எதுவோ உள்ளே நிரம்புகிறது. நிரம்பியபின் வழி தேடுகிறது. பூட்டிய பிறகு வாசலில் சில விநாடிகள் மட்டுமே ஓடவிட்டுப் பார்த்திருந்தோம். அதனால்தான் முதல் நீண்ட பயணம் வரை அது எங்களுக்குக் கேட்கவில்லை.

"கிளப்பு" என்றேன்.

ஸ்டெல்லா கிளப்பினாள். காத்திருந்தோம். சங்கு ஆரம்பித்தது. நான் ஆயில் அளவு பார்க்கும் கம்பியைப் பிடித்து வெளியே உருவினேன்.

புஸ்ஸென்று சூடான ஆயில் ஆவி என் முகத்தில் அடித்தது. சங்கு பாதியில் நின்றுபோனது.

கம்பியைச் செருகினேன். சற்றுப் பொறுத்து, ஊ. உருவினேன். அமைதி. என் நெற்றியில் ஆயில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. செருகி, உருவி, செருகி, உருவி, அந்தத் தகரக் கொட்டகையில் சங்கை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு மாதிரிதான் ஆரம்பித்தது.

"பேரிங் இல்லல்ல? நித்தி, பேரிங் இல்லல்ல?"

"உன் பேரிங்குக்கு ஒண்ணும் இல்ல. நீ பூட்டினது அத்தனையும் சரி."

சுவரில் இருந்த கடைசி வார்த்தையை அவளே வந்து புறங்கையால் அழித்தாள்.

அடுத்த ஸ்டேஷன்

எஞ்சினுக்கும் மூச்சு விட ஒரு வழி வேண்டும். பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் கீழ் அறைக்குள் கசியும். அது வெளியே போக ஒரு குழாய் வைத்திருப்பார்கள். எங்கள் காரில் அந்த மூச்சுக் குழாய் எஞ்சினின் பக்கவாட்டில் இறங்கி, அடியில், தரையைப் பார்த்துத் திறந்திருக்கும். அந்த வழி அடைத்திருந்தால் புகைக்குக் கிடைக்கிற ஒரே சந்து, ஆயில் கம்பி இருக்கும் துளை. அதன் வழியாக நெருக்கிக்கொண்டு வரும்போதுதான் ஊதுகிறது.

பவானி செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் போனாள். கொஞ்ச நேரம் அவளுடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

"குழாய் நல்லாத்தான் இருக்கு. அழகா பெயின்ட் அடிச்சிருக்கு."

"அத நீதான அடிச்ச. வாய் எப்டி கீது பாரு" என்றாள் ஸ்டெல்லா.

செருப்பு ஒரு பக்கமாகத் திரும்பியது.

"ஏளா... இதுக்கு வாயே இல்லையே."

நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு பவானி வெளியே வந்தாள். உள்ளங்கையில் ஒரு சின்ன ரப்பர் மூடி. வெளியெல்லாம் எஞ்சினின் அதே பளபளக் கறுப்பு. சுரண்டிய இடத்தில் மட்டும் ஆரஞ்சு.

எங்கள் பெயின்ட் ஷாப்பில் எஞ்சினுக்கு வண்ணம் அடிக்கும் முன் எல்லாத் துளைகளுக்கும் ஆரஞ்சு மூடி போடுவார்கள், உள்ளே பெயின்ட் போகாமல் இருக்க. பவானியின் வேலையில் பாதி அதுதான். கழித்துப்போட்ட மூடிகளில் கொஞ்சத்தை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்து, எங்கள் எஞ்சினுக்கும் ஒன்றுவிடாமல் போட்டிருக்கிறாள்.

"போட்டியே, எடுக்க வேணாமா?" என்றாள் ஸ்டெல்லா.

"நான் எதுக்கு எடுக்கணும்? நான் போடுத ஆளு. எடுக்கது லைன்ல அடுத்த ஸ்டேஷன் ஆளுலா."

"அடுத்த ஸ்டேஷன் யாரு?"

பவானி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். ஸ்டெல்லாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கயிற்றில் கட்டியிருந்த எங்கள் வீட்டு மாட்டைப் பார்த்தாள்.

"நம்ம மூணு பேர விட்டா அதுதான்" என்றேன், மாட்டைக் காட்டி.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். தொழிற்சாலையில் பவானி தன் வாழ்நாளில் ஒரு மூடியைக்கூட எடுத்ததில்லை. ஸ்டெல்லாவிடம் வருகிற எதிலும் மூடி இருந்ததில்லை. கொட்டகையில் மேலே இருந்த துளைகளில் குழாய்களைப் பொருத்த வேண்டியிருந்ததால் அங்கிருந்த மூடிகளைப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். அடியில் இருந்த இந்த ஒன்றில் பொருத்துவதற்கு எதுவும் இல்லை, ஆகவே யாரும் தொடவில்லை. நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒழுங்குக்கு நடுவே, மூடி எடுக்கிற அந்த ஒரு ஆள் இல்லை.

அதற்கும் நான் வெட்கப்படவில்லை. அந்த மூடியைப் பாருங்கள். பழைய கார், அடிப்பகுதி, யார் கண்ணிலும் படாத இடம். அங்கேயும் பெயின்ட் வழியாமல், திட்டில்லாமல், மூடிக்கும் குழாய்க்கும் நடுவே கோடு தெரியாமல் அடித்திருக்கிறாள். சரியாகச் செய்த வேலைதான் எங்களை ஏமாற்றியது.

மறுநாள் காரை பாஷா பாயின் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே இல்லை. மூடியை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"நானா இருந்தா இந்நேரம் எஞ்சின பிரிச்சி போட்டிருப்பேன்மா. தெகிரியமா கேட்டுகினே இருந்திருக்கீங்க." பிறகு ஸ்டெல்லாவிடம் திரும்பினார். "பூட்டுனது நீயா? சுத்தம். கல்யாணத்துக்கு அப்புறம் வேல வேணும்னா ஷெட்டுக்கு வா."

அந்தோணி அண்ணனுக்கு அங்கிருந்தே போன் செய்து, எஞ்சின் பக்கத்தில் போனைப் பிடித்தாள் ஸ்டெல்லா. "கேக்குதா அண்ணே?"

"ஒண்ணும் கேக்கலியே. லைன் கட்டாயிடுச்சா?"

சனிக்கிழமை

வெள்ளைக் கார் வரவில்லை. ரோஜாப்பூ வந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர் அந்தோணி அண்ணன். பூச்சரத்தை எங்கள் காரின் முன்பக்கத்தில் வைத்து டேப்பை எடுத்தார். பவானி கல்யாண வீடு என்றும் பாராமல் கத்தினாள்.

"பெயின்ட் மேல டேப்ப ஒட்டினீய, கைய ஒடிச்சிருவேன்!"

"இன்னாடா இது, பொண்ணோட ஃப்ரெண்டா, ரௌடியா?" என்றபடி அவர் பூவை நூலால் பம்பரில் கட்டினார்.

வெள்ளைப் பட்டுப்புடவையின் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தட்டைச் செருப்போடு ஸ்டெல்லா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். பக்கத்தில் அண்ணன், புதுச் சட்டையில் விறைப்பாக. பின்சீட்டில், ஆடு குட்டி போட்ட அதே இடத்தில், நானும் பவானியும் அவளுடைய முக்காட்டு வலையை மடியில் ஏந்திக்கொண்டு. சாவிக் கொத்தில் அந்த ரப்பர் மூடி ஆடிக்கொண்டிருந்தது. துளை போட்டுக் கோத்தது பவானி.

டீக்கடைத் திருப்பத்தில் பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். யாரும் எழவில்லை. நாங்கள் கடந்து போனபிறகுதான் துண்டுக்காரர் பார்த்தார். எழுந்து நின்று, தலைக்குமேல் துண்டைச் சுழற்றினார்.

கோயில் வாசலுக்கு ரோட்டிலிருந்து ஒரு சின்ன இறக்கம். ஸ்டெல்லா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, நிதானமாக வண்டியை இறக்கினாள். வாசலில் என் அப்பா நின்றிருந்தார். சொன்னபடியே ரோட்டுக்கு முதுகு, கைகள் பின்னால். ஜோசப்பின் சித்தப்பாவிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். கார் அவருக்குப் பின்னால் வந்து நின்றது. பம்பருக்கும் அவர் வேட்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

அப்பா திரும்பவில்லை.

ஜோசப்பின் சித்தப்பா எங்களைப் பார்த்துவிட்டார். நான் விரலை உதட்டில் வைத்தேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, பேசாமல் இருந்தார். அப்பா பேசிக்கொண்டே போனார். இந்த ரோட்டில் எந்த வண்டி வந்தாலும் தனக்குத் திரும்பாமலே தெரியும் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தோணி அண்ணனால்தான் பொறுக்க முடியவில்லை. ஜன்னலில் தலையை நீட்டினார்.

"மாமா!"

அப்பா துள்ளித் திரும்பினார். பம்பரைப் பார்த்தார். ரோஜாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எப்போ வந்தீங்க? சத்தமே காணோமே!"

அந்தோணி அண்ணன் காலரைச் சரிசெய்துகொண்டார். "எங்க வண்டி அப்டித்தான் மாமா. சத்தம் போடாது."

"'எங்க வண்டி'யாம்லா" என்று பவானி என் கையைக் கிள்ளினாள்.

உள்ளே ஆர்கன் ஆரம்பித்துவிட்டது. யாரோ காரின் கதவைத் திறந்து பிடித்தார்கள். ஸ்டெல்லா இறங்கவில்லை. சாவியில் கை இருந்தது, ஆனால் திருப்பவில்லை. எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டைம் ஆவுது ஸ்டெல்லா" என்றார் அண்ணன், தணிந்த குரலில்.

"இருண்ணே" என்றாள். "ஓடுது, கேளு."

எல்லாரும் நின்று கேட்டோம்.